கைகட்டியும் பெயரில்லாத மூவாயிரம் கோப்புகளும்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் கைகட்டி. வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கட்டளையைத் தட்டி முடித்ததும் மற்றவர்களைப் போல அவள் உடனே என்டரை அழுத்திவிட மாட்டாள். இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்வாள். தட்டிய வரியை வாய்விட்டுப் படிப்பாள். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும், மேலாளரே ஆனாலும், அதைத் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கை கீழே இறங்கும். அவசரக்காரர்களுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். வரட்டுமே, அவளுக்கென்ன.

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கடைக்குப் போகச் சொன்னால் வாங்க வேண்டியதை அவர் வாசலில் நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். "நாலு சாமான் வாங்கறதுக்கு ஒரு பரீட்சையா? ஐம்பது பிள்ளைங்களை தினம் பத்திரமா இறக்கி விடறவன்டி நான்" என்று முறைத்துக்கொண்டே சொல்லுவார். சொல்லாமல் மட்டும் போனதில்லை. போனால் சோப்புக்குப் பதில் ஷாம்பு வரும் என்பது இருவருக்குமே தெரியும்.

தொண்டை, மூக்கு, காது பார்க்கும் ஆஸ்பத்திரி அது. அவள் பார்த்தது கம்ப்யூட்டர் சேமிப்பக வேலை. முதல் மாடியின் கோடியில், வருடம் முழுக்கக் குளிரூட்டிய ஓர் அறை. அதில் ஆள் உயரத்துக்கு ஒரு டிஸ்க் பெட்டி. நான்கு சர்வர்கள் ஒரே நேரத்தில் அந்த ஒரு பெட்டியில்தான் எழுதும், படிக்கும். ஒன்று எழுதுகிற இடத்தில் இன்னொன்று கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக நான்கும் தங்களுக்குள் பூட்டை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடக்கிறதா என்று கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பதினான்கு வருடமாக அவள் பிழைப்பு. நடக்கிற வரைக்கும் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது.

கை கட்டும் பழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு சர்வரில் உட்கார்ந்து டிஸ்கைப் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினாள். இன்னொரு சர்வர் அதே டிஸ்கைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருப்பதை அவள் பார்க்கவில்லை. ஒரே சட்டையை இரண்டு தையல்காரர்கள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பிரித்துத் தைத்த கதையாகிவிட்டது. நர்சுகளின் ஆறு மாதப் பணிப் பட்டியல் அத்தனையும் போய், கையால் எழுதிச் சேர்க்க ஒரு வாரம் பிடித்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவள் அதை யாரிடமும் மறைத்ததில்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே தன் வாயால் சொல்லிவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மூன்று மாடியிலும் திரைகள் உறைந்து போயின. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அதற்குள் மேலாளர் ஓடி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, சட்டுப்புட்டு. எதையும் சட்டுப்புட்டென்று முடிக்கச் சொல்வார், தானும் அப்படியே முடித்துவிட்டுப் பிற்பாடு தலையைப் பிய்த்துக்கொள்வார். கெட்டவர் இல்லை. உட்காரத்தான் தெரியாது.

"எல்லாம் நின்னு போச்சு. நாங்க நாலஞ்சு பேர் கோப்புகளைப் பட்டியல் போடற கட்டளையைத் தட்டிப் பார்த்துட்டோம், ஒண்ணும் வரல" என்றார்.

"யாரும் இனிமே எதையும் தட்டாதீங்க சார். பூட்டு கிடைக்காம ஏற்கெனவே வரிசையில நிக்குது. நீங்க ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அந்த வரிசையில இன்னொரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தறீங்க."

காத்துக்கிடக்கும் வேலைகளின் கணக்கைக் கேட்டுப் பார்த்தாள். முப்பத்தொன்று. அதில் இருபத்து நாலு, 'சரியாகிவிட்டதா' என்று பார்க்க வந்த பட்டியல் கட்டளைகள். நல்ல கூத்து என்று முனகிக்கொண்டாள்.

அப்போதுதான் குரல் பயிற்சியாளர் உள்ளே வந்தார். சாதாரணமாக இந்த அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர். முகத்தில் ஈயாடவில்லை.

அவர் பிரிவில் நடப்பது இது. தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியவர்கள், அறுவைக்கு முன்னால் ஒரு சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, திரையில் வருகிற ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கோப்பு. பிறகு அந்தக் கோப்புகளை வைத்து, நோயாளி தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசும் ஒரு கருவி செய்து தருவார்கள். அறுவைக்குப் பின் அந்த மனிதரின் குரல் உலகத்தில் வேறெங்கும் இருக்காது, அந்த டிஸ்க் பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.

"போன வாரம் ஒரு ஏலக்காரர் பதிவு பண்ணினார் மேடம், காய்கறி மார்க்கெட்ல ஏலம் விடறவர். வியாழக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. அவரோட ஃபோல்டர் திறக்கவே மாட்டேங்குது."

"பேக்கப் இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே பேக்கப் பதிவேட்டைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். தினமும் கடைசி வரியில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று இருந்தது. அதை அவள் தினமும் காலையில் பார்த்திருக்கிறாள். மேலே நாற்பதாவது வரியில், குரல் ஃபோல்டரை மட்டும் 'வேறொருவர் உபயோகத்தில் உள்ளது' என்று சொல்லித் தாண்டிப் போனதாக ஒரு குறிப்பு. ஒன்பது நாளாக அதே குறிப்பு. அதை அவள் பார்த்ததில்லை.

"ஒன்பது நாள் பேக்கப் இல்ல. என் தப்புதான், கடைசி வரியை மட்டும் பார்த்துட்டு விட்டிருக்கேன்" என்றாள். அந்த ஒன்பது நாளில் பதிவு செய்தவர்கள் இரண்டே பேர்: ஏலக்காரர், இன்னொருவர் லிஃப்ட் மெக்கானிக். இருவருக்கும் அறுவை முடிந்திருந்தது. மற்றவர்களுடைய குரல்கள் பழைய பேக்கப்பில் பத்திரமாக இருந்தன.

சட்டுப்புட்டு துடித்தார். "அப்போ பழுதுபாக்கற கட்டளையை ஓட்டுங்க. இன்னும் என்ன யோசனை?"

"முதல்ல யார் யார் அதைத் திறந்து வச்சிருக்காங்கன்னு பார்ப்போம் சார்."

நான்கு சர்வரும் திறந்து வைத்திருந்தன. மூன்று சர்வர்கள் விடச் சொன்னதும் விட்டன. மூணாம் நம்பர் மட்டும் கேட்கவில்லை. அதிலிருந்து டிஸ்க் பெட்டிக்குப் போகிற கேபிள் ஒன்பது நாளாக விட்டு விட்டுத் தொடர்பு கொடுத்திருக்கிறது, பேக்கப் அந்த ஃபோல்டரைத் தாண்டிப் போனதும் அதனால்தான். அன்று காலை ஏதோ எழுதும்போது தொடர்பு பாதியில் அறுந்து, அந்த சர்வர் குரல் ஃபோல்டரின் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே உறைந்து போயிருக்கிறது. அதற்குக் கட்டளை அனுப்பியும் பயனில்லை. அவள் எழுந்து போய் அதன் மின்கம்பியைக் கையால் பிடுங்கினாள். திரும்பி வந்து மறுபடி கேட்டாள். இப்போது யாரும் திறந்திருக்கவில்லை.

அப்புறமும் பழுதுபார்க்கவில்லை. எதையும் மாற்றாமல், என்ன கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லும் சோதனையை ஓட்டினாள். நாற்பது நிமிடம். சட்டுப்புட்டு அந்த அறையை எத்தனை சுற்று சுற்றினார் என்பதற்குக் கணக்கில்லை. சோதனை சொன்னது: கோப்புகள் டிஸ்கில் இருக்கின்றன. அவற்றின் பெயர்களும் ஃபோல்டர்களும் எழுதியிருந்த பக்கம்தான் போய்விட்டது.

"உடம்பு இருக்கு, பேர்தான் போயிருக்கு. எடுத்துடலாம்" என்றாள் பயிற்சியாளரிடம். இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை, ஏனென்றால் அவளுக்கு அது தெரியும்.

பழுதுபார்க்கும் கட்டளையைத் தட்டினாள். கையைக் கட்டிக்கொண்டாள். வரியைப் படித்தாள். சட்டுப்புட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக, ஓர் எழுத்து விடாமல் திருப்பிப் படித்தார். என்டர்.

மதியம் ஒரு மணிக்கு, தொலைந்து கிடைத்தவற்றுக்கென்று இருக்கும் ஃபோல்டரில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். நோயாளியின் பெயர் கோப்புக்குள் இருக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி, அந்தரங்கம் காக்க. பெயர் ஃபோல்டருக்கு மட்டும்தான் வைப்பார்கள். அந்த ஃபோல்டர்தான் இப்போது இல்லை.

நேரத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று வரிசைப்படுத்திப் பார்த்தாள். இரண்டு பேரும் அடுத்தடுத்த அறைகளில், அதே நாட்களில், அதே மணிகளில் படித்திருந்தார்கள். வாக்கியங்களும் ஒன்றே. ஆனால் ஒவ்வோர் ஒலிக்கோப்பின் தலைப்பகுதியிலும் பதிவுக் கருவி தன் அளவுகளை எழுதி வைக்கும். இரண்டு அறையிலும் வேறு வேறு கருவி. அதைப் படிக்கச் சொல்லி ஒரு வரி எழுதினாள். மூவாயிரமும் இரண்டு குவியலாகப் பிரிந்தன. சட்டுப்புட்டு முதல் முறையாக உட்கார்ந்தார்.

"எது யாரோடது?" என்றார்.

பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கினார். "ஒருத்தருக்கு ஒரே அறைதான், நடுவுல மாத்த மாட்டோம். ஆனா யாருக்கு எந்த அறைன்னு எங்கேயும் எழுதல. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் பத்து நிமிஷம்தான் பேசியிருக்கேன், அப்பவே ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டின குரல். என்னால சத்தியம் பண்ண முடியாது. தப்பான ஆளோட குரலை ஒருத்தர் வாயில வைக்கற பாவம் எனக்கு வேண்டாம்."

ஏலக்காரரையோ மெக்கானிக்கையோ கேட்கலாமென்றால், இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்க மருந்தில் இருந்தார்கள். புதன்கிழமை வரை யாரும் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஏலக்காரர் மனைவிக்குச் சொல்லியனுப்பலாமா என்று இவர்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் செய்தி லிஃப்டைவிட வேகமாக மாடியேறும். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் துணிப்பை, இடுப்பில் கை.

"என் வீட்டுக்காரர் குரலைத் தொலைச்சிட்டீங்களாமே. யாரு இங்க அதுக்குப் பொறுப்பு?"

சட்டுப்புட்டு ஏதோ மழுப்ப வாயெடுத்தார். கைகட்டி முந்திக்கொண்டாள். "நான்தான்மா பொறுப்பு. தொலையல, ஆனா பேர் அழிஞ்சு போச்சு. ரெண்டு பேரோட குரல் இருக்கு, எது அவரோடதுன்னு தெரியல. ஒன்பது நாளா நான் சரியாப் பார்க்காம விட்டதால இப்படி ஆச்சு. நீங்க கேட்டுச் சொல்லணும்."

அந்த அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவதற்குத் தயார் செய்துகொண்டு வந்ததெல்லாம் நேராகப் பதில் வந்ததில் பாதி தீர்ந்து போயிருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போடுங்க."

முதல் குவியலில் இருந்து மூன்று. 'மேகங்கள் கிழக்கு நோக்கி நகர்கின்றன.' 'அடுத்த ரயில் தாமதமாக வரும்.' 'இந்தக் கதவைத் தள்ளித் திறக்கவும்.' கரகரத்த ஓர் ஆண் குரல். அந்த அம்மாள் மறுத்துத் தலையாட்டினாள். "இல்ல. இது யாரோ."

இரண்டாம் குவியலில் இருந்து அதே மூன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னும் ஒன்று போடச் சொன்னாள். இன்னும் ஒன்று. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டும் அவரில்ல."

கைகட்டி இரண்டு குவியலையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஏலக்காரருடைய கோப்புகள் போயே போய்விட்டனவா? கிடைத்தவை வேறு யாருடையவாவதா? டிஸ்க் பொய் சொல்லாது என்று பதினான்கு வருடம் சொல்லி வந்தவள், முதல் முறையாகத் தன் கண்களையே சந்தேகப்பட்டாள். பயமாக இருந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றாள் அந்த அம்மாள், இப்போது குரல் உடைந்து. "அவர் பேச ஆரம்பிச்சா மூணு தெருவுக்குக் கேக்கும். இப்படி யாராவது செய்தி வாசிக்கற மாதிரி ஒரு நாள் பேசினதில்ல."

கைகட்டி நிமிர்ந்தாள். "அவர் எதையாவது சத்தமா வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?"

"வாசிக்கறதா? பேப்பரைக்கூட என்னைப் படிக்கச் சொல்லித்தான் கேட்பார்."

அப்படியானால் இந்த அம்மாளுக்குத் தெரிந்தது பேசுகிற மனிதனை. டிஸ்கில் இருந்ததோ திரையைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல, ஒப்பித்த மனிதன். அவர் பேசியது எங்காவது இருக்குமா? கைகட்டி கோப்புகளை அளவு வாரியாக, பெரியது முதலில் வருமாறு, அடுக்கச் சொல்லி ஒரு கட்டளை தட்டினாள். எல்லாக் கோப்பும் மூன்று நொடி, ஐந்து நொடி. ஒன்றே ஒன்று, இரண்டாம் குவியலில், நான்கு நிமிடம்.

"யாரோ பதிவை நிறுத்த மறந்திருக்காங்க" என்றார் பயிற்சியாளர்.

போட்டாள். ஓர் இருமல். நாற்காலி நகரும் சத்தம். பிறகு, தொண்டை கட்டியிருந்தாலும், அறை நிறைய ஒரு குரல்.

"ஏன்யா, இந்த ஆயிரத்து அறுநூறு வாக்கியத்தையும் எழுதின மகராசா, நீ வீடு வாசல்ல இருக்கற ஆள்தானா? மேகம் நகருதாம். நான் என்னைக்குய்யா மேகத்தைப் பத்திப் பேசினேன்? ஆயிரத்துக்கு மேல படிச்சாச்சு, 'சாப்பிட்டியா'ன்னு ஒரு வார்த்தை இல்ல. வீட்டுக்குப் போனா அவளை எப்படிக் கூப்பிடறது, 'அன்புடையீர்'னா?"

அந்த அம்மாள் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"பொத்தானை அமுக்கினேனா இல்லையான்னு தெரியல. இருக்கட்டும். யந்திரமே, நல்லாக் கேட்டுக்கோ. கோவம் வந்தா இப்படி: மேஸ்திரி! தண்ணி வேணும்னா இப்படி: மேஸ்திரி... மார்க்கெட்லேருந்து களைச்சுப் போய் வந்தா, கதவைத் திறக்கும்போது," இங்கே குரல் தாழ்ந்தது, "மேஸ்திரி."

சட்டுப்புட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பயிற்சியாளர் மூக்கை உறிஞ்சினார். அந்த அம்மாள் அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று பிரிக்க முடியாதபடி.

"நான்தான் மேஸ்திரி" என்றாள். "வீட்ல எல்லாத்துக்கும் நானே நின்னு வேலை வாங்கறேன்னு வச்ச பேரு. வெளியில யாருக்கும் தெரியாது. பாவி மனுஷன், இங்க வந்து சொல்லியிருக்கான் பாருங்க."

இரண்டாம் குவியல் அவருடையது. ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து மூன்று கோப்புகள். மிச்சம் நாற்பத்தேழு போனது போனதுதான், அது இல்லாமலும் குரல் செய்யலாம் என்றார் பயிற்சியாளர். கைகட்டி புது ஃபோல்டர் செய்து, பெயரை வாய்விட்டுப் படித்தாள். இந்த முறை திருப்பிப் படித்தது ஏலக்காரர் மனைவி. படித்துவிட்டு, "என்டரை நான் அமுக்கட்டுமா?" என்று கேட்டாள். கைகட்டி நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். வேறு யாருக்கும் அவள் அப்படி விட்டதில்லை. அன்று மாலைக்குள் பேக்கப் இரண்டு இடத்தில் போய்ச் சேர்ந்தது, நாற்பதாவது வரி உட்பட ஒவ்வொரு வரியையும் அவள் படித்துப் பார்த்தாள்.

கருவி தயாராக ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று அந்த நான்கு நிமிடத்தை மட்டும் அந்த அம்மாளின் போனில் ஏற்றிக் கொடுத்தார்கள், மூன்று அழைப்பையும் தனித்தனியாக வெட்டி, தனித்தனிப் பொத்தானாக வைத்து.

புதன்கிழமை பகல் கைகட்டி வார்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஏலக்காரர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டு, கையில் எழுதுபலகை. நடந்ததைச் சொன்னாள், தன் தப்பையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, 'மேகம் பத்திரமா?' என்று பலகையில் எழுதிக் காட்டினார். பத்திரம் என்றாள். 'அது போயிருந்தா நல்லாயிருக்கும்' என்று எழுதினார்.

அவர் மனைவி ஜன்னல் பக்கம், இவர்களுக்கு முதுகைக் காட்டி, டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பலகையைக் கீழே வைத்துவிட்டு மேசையில் கிடந்த அவள் போனை எடுத்தார். மூன்று பொத்தான்களையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடைசியை அழுத்தினார்.

"மேஸ்திரி."

"என்னங்க?" என்றாள் அவள், திரும்பாமல், கழுவிக்கொண்டே. முப்பது வருடப் பழக்கம், குரல் வந்தது, பதில் போனது. பிறகு கை நின்றது. குழாயை மூடக்கூட மறந்து திரும்பிப் பார்த்தாள்.

அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மறுபடி ஒரு தடவை அழுத்தினார்.